கடைசி ரீலும் நாகர்கோவில் ராஜம்மாளும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மாலைநேர மையத்தில் பதினோரு பேர் உட்கார்ந்து ஒரு கம்போடியப் படம் பார்த்தோம். கெமர் மொழிப் படம், ஆங்கிலத்தில் சப்டைட்டில். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் ஆறு பேர், கல்லூரி மாணவர்கள் நாலு பேர், நான். முதல் பத்து நிமிடம் அந்த மொழியின் ஓசையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். சப்டைட்டில் வேகமாக ஓடியதால் இடையிடையே நிறுத்தி நான் கதை சொல்ல வேண்டியிருந்தது. அரை மணி நேரம் போனபிறகு யாரும் சிரிக்கவில்லை.

படத்தின் பெயர் 'தி லாஸ்ட் ரீல்'. 2014இல் வந்தது. இயக்குநர் குலிகார் சோத்தோ என்கிற பெண். நாம் பென் நகரத்தில் ஒரு கல்லூரி மாணவி. அப்பா ராணுவ அதிகாரி. ஒரு ஜெனரலின் மகனுக்கு அவளைக் கட்டிவைக்க ஏற்பாடு நடக்கிறது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. வீட்டைவிட்டு ஓடுகிறாள். பாழடைந்த ஒரு பழைய தியேட்டரில் ஒதுங்குகிறாள். அங்கே இருக்கிற கிழவர் ஒரு பழைய காதல் படத்தின் ரீல்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார். திரையில் கதாநாயகியாக நிற்பது அவளுடைய அம்மா! வீட்டில் நோயாளியாக, பேச்சு குறைந்து படுத்திருக்கிற அதே அம்மா, ஒரு காலத்தில் நடிகை என்பது மகளுக்கு அன்றைக்குத்தான் தெரிகிறது. அந்தக் காதல் படத்தின் கடைசி ரீல் மட்டும் இல்லை. தொலைந்த முடிவை, அம்மாவின் வேடத்தில் தானே நடித்து எடுத்து முடிக்கலாம் என்று மகள் கிளம்புகிறாள்.

அம்மாவாக நடித்தவர் டி சவெத். கம்போடியாவின் பழைய கால நட்சத்திரம். 1960க்கும் 1975க்கும் இடையில் அந்தச் சின்ன நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன. இன்று மிஞ்சியவை முப்பது சொச்சம். 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் தலைநகரைப் பிடித்தது. அதற்குப் பிறகு நடிகர்கள், இயக்குநர்கள், பாடகர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். பிலிம் சுருள்கள் அழிந்தன. டி சவெத் வெளிநாடு போய்விட்டதால் பிழைத்தார்.

படம் முடிந்ததும் ஒரு பெண் கேட்டாள். "ஏன்க்கா, அந்த அம்மை இத்தனை வருசமா மவகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே, ஏன்?"

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். "சொன்னா செத்துருவோம்னு பயம்டீ. பழகிப்போச்சுன்னா பயம் போனபொறவும் வாய் வராது."

அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான் அன்றைக்கு ராஜம்மாள் கதையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் கம்போடியாவில் நடந்தது போல ஒன்று நம்முடைய நாகர்கோவிலிலேயே நடந்திருக்கிறது. தொலைந்த காதல் காட்சி, மறைந்து வாழ்ந்த நடிகை, பிள்ளைகளிடம் பேசாத அம்மா எல்லாமே இங்கேயும் உண்டு. என்னோடு இருந்த அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. சமூகவியலில் முதுகலை முடிக்கும்வரை எனக்கும் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மலையாளத்தின் முதல் சினிமா என்று சொல்லப்படுகிற 'விகதகுமாரன்' ஒரு ஊமைப்படம். வெளியான ஆண்டை 1928 என்றும் 1930 என்றும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். எடுத்தவர் ஜே.சி. டேனியல், நம் மாவட்டத்துக்காரர். கொட்டாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அகஸ்தீஸ்வரம்தான் அவருக்குச் சொந்த ஊர். நிலத்தை விற்று, திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ போட்டு, தானே கதாநாயகனாகவும் நடித்தார். கதை, திருவிதாங்கூர்ப் பணக்கார வீட்டுப் பையன் ஒருவன் கடத்தப்பட்டு இலங்கைக்குக் கொண்டுபோகப்படுவது. அந்தப் பையனின் தங்கை சரோஜினிக்கும் டேனியல் நடித்த ஜெயச்சந்திரனுக்கும் இடையில்தான் காதல்.

சரோஜினி நாயர் வீட்டுப் பெண். அந்த வேடத்துக்கு முதலில் பம்பாயிலிருந்து ஒரு நடிகையை வரவழைத்தார்கள், சரிப்படவில்லை. பிறகு வந்தவர் பி.கே. ரோசி. புலையர் சமூகத்துப் பெண், காக்காரிசி நாடகத்தில் மேடையேறிப் பழகியவர். நாயர் பெண்ணைப் போல உடுத்தி, நகை போட்டு, பூ வைத்து கேமரா முன்னால் நின்றார். படம் திருவனந்தபுரம் கேபிட்டல் தியேட்டரில் ஓடியது. அவர் தலையில் இருக்கிற பூவைக் கதாநாயகன் எடுத்து முத்தமிடுகிற காட்சி வந்ததும் கூட்டம் கொதித்தது. திரையின் மேல் கல் விழுந்தது. ரோசியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். அவர் தப்பி ஒரு லாரியில் ஏறினார். லாரி நாகர்கோவிலுக்கு வந்தது. அந்த லாரி ஓட்டுநர் கேசவ பிள்ளையையே திருமணம் செய்துகொண்டு, ராஜம்மாள் என்ற பெயரில் இங்கேயே வாழ்ந்து முடித்தார். அதன் பிறகு ஒரு படத்திலும் நடிக்கவில்லை.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "ரோசி தமிழ்நாட்டுக்கு ஓடிவிட்டார்" என்று எழுதுகிறார்கள். இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். நாகர்கோவில் அன்றைக்குத் தமிழ்நாடு இல்லை. 1956 நவம்பர் 1 வரை நாம் அந்தப் பக்கம்தான். ரோசி ஏறிய லாரி எந்த அரசின் எல்லையையும் தாண்டவில்லை. அதே திருவிதாங்கூர் மகாராஜா, அதே சாதிச் சட்டங்கள், அதே தீண்டாமைத் தூரக் கணக்கு. 1926இல் இதே நாஞ்சில் நாட்டில், சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கிற உரிமைக்காக சத்தியாகிரகம் நடந்துகொண்டிருந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936இல். அப்படியானால் ரோசிக்கு நாகர்கோவில் எப்படிப் பாதுகாப்பான ஊராக ஆனது? ஊர் மாறியதால் ஆகவில்லை. பெயரும் சாதியும் மாறியதால் ஆனது. ஒரு பிள்ளைமார் வீட்டு ராஜம்மாளுக்கு இந்த ஊரில் பிரச்சினை இல்லை. புலையர் ரோசியாக வடசேரிச் சந்தையில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கல்லெறிந்தவர்களுக்குக் கோபம் வந்த இடம் எது? வாயே திறக்காத ஊமைப்படம் அது. உடையையும் பூவையும் பார்த்துத்தான் கொதித்தார்கள். யார் எதை உடுத்தலாம் என்பது நம் மாவட்டத்தில் பழைய சண்டை. தோள்சீலைப் போராட்டம் 1820களில் தொடங்கி, 1859 பிரகடனத்தில் போய் முடிந்ததாகப் பாடப் புத்தகம் சொல்லும். அந்தப் பிரகடனமும் நாடார் பெண்களுக்குத்தான் மேலாடை தந்தது. அதுவும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. புலையர், பறையர் பெண்களின் சண்டை அதற்குப் பிறகும் நடந்தது. 1915இல் கொல்லம் பக்கத்தில் பெரிநாட்டில் அய்யன்காளியின் முன்னிலையில் நம் பெண்கள் கழுத்திலிருந்த கல்மாலையை அறுத்து எறிந்தார்கள். பதினைந்து ஆண்டுகூட முழுதாகவில்லை, அதே சமூகத்துப் பெண் ஒருத்தி நாயர் உடையில் திரையில் நிற்கிறாள், ஒரு ஆண் அவள் பூவை முத்தமிடுகிறான். கல்மாலையை அறுத்தபோது விழுந்த அடியின் தொடர்ச்சிதான் கேபிட்டலில் விழுந்த கல்.

டேனியல் கதையைத் தனியாக விரிக்க இங்கே இடமில்லை. கடன்பட்டார், ஸ்டூடியோ போயிற்று, பல் மருத்துவராகப் பிழைத்தார், கடைசியில் அகஸ்தீஸ்வரத்துக்குத் திரும்பினார். அவர் தமிழ்நாட்டில் வசிப்பவர் என்று காரணம் காட்டிக் கேரள அரசு உதவித்தொகையை மறுத்ததும், தமிழ்நாட்டில் அவரை யாருக்கும் தெரியாமல் போனதும் ஒரே காலத்தில் நடந்தன. நாம் பென் விழுந்த அதே 1975 ஏப்ரலில் அவர் இறந்தார். படத்தின் ரீலைச் சின்னப் பையனாக இருந்தபோது விளையாட்டாகக் கொளுத்திவிட்டதாக அவருடைய மகனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1992 முதல் கேரள அரசு டேனியல் பெயரில் விருது தருகிறது. அவரிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு கேள்வியும் உண்டு. தாத்தா பாட்டி காலத்தில் மேலாடைக்காகப் போராடிய சமூகத்திலிருந்து வந்தவர், ரோசியை அந்த உடையில் நிறுத்துவதன் ஆபத்து அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. படத்துக்காகத் தன் சொத்தை அவர் பணயம் வைத்தார். ரோசி வைத்தது உயிரை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து 'தியாகம்' என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன்.

2013இல் கமல் இயக்கிய 'செல்லுலாய்டு' வந்தது. பிரிதிவிராஜ் டேனியலாக நடித்தார். அந்தப் படத்தால்தான் ரோசி என்ற பெயர் வெளியே பரவியது என்பது உண்மை. ஆனால் அதிலும் ரோசி, உடுத்திய சேலையைப் பார்த்து வியந்து நிற்கிற, நன்றியில் கண் கலங்குகிற பெண்தான். மேடையில் நடித்துப் பழகிய, ஆண்கள் நிறைந்த நாடகக் கூட்டத்தில் தன் இடத்தைப் பிடித்த ஒரு கலைஞருக்கு இத்தனை வெகுளித்தனம் எங்கிருந்து வந்தது? ஒரு தலித் பெண் இன்றைக்கு மலையாள சினிமாவில் நாயர் பெண்ணாக நடித்துவிட முடியுமா என்று அப்போதே ஜென்னி ரொவீனா கேட்டார். அந்தக் கேள்வியைத் தமிழுக்கும் கேட்டுப் பாருங்கள். சேரிப் பெண்ணாக நடிக்க வடக்கிலிருந்து ஆள் கூட்டி வந்து, முகத்தில் கருப்பு பூசுவார்கள். அதை நடிப்பு என்பார்கள், விருதும் கொடுப்பார்கள். எதிர்த்திசையில் ஒருவர் வந்தால்தான் கல் எடுப்பார்கள்.

நம் காதல் படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பாரதி கண்ணம்மா' 1997, 'காதல்' 2004, 'பரியேறும் பெருமாள்' 2018. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் நமக்கு முக்கியமானவை, பரியனை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. ஆனால் இந்த மூன்றிலும் சாதியால் அடிபடுகிற காதலர் ஆண். மேல்சாதிப் பெண்ணின் மீது ஆசைப்பட்டவன் அல்லது ஆசைப்படப்பட்டவன். நம் பெண் எங்கே? காதலிக்கிறவளாக, காதலிக்கப்படுகிறவளாக, பூவை எடுத்து முத்தமிடத் தகுந்தவளாக அவள் திரையில் எப்போது வந்தாள்? 2022இல் 'நட்சத்திரம் நகர்கிறது' படத்தின் ரெனேயைப் பார்த்தபோது எனக்குப் பட்டது இதுதான். ரோசியிலிருந்து ரெனேவுக்கு வர தொண்ணூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்தப் படத்தை எடுத்த ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் ரோசியின் பெயரில் சென்னையில் திரைப்பட விழா நடத்துவது தற்செயல் இல்லை.

இங்கே கம்போடியாவுக்குத் திரும்புகிறேன், ஒரு காரணத்துக்காக. கெமர் ரூஜ் ஆட்சி காதலையும் குற்றமாக்கியது. யார் யாரைக் கட்ட வேண்டும் என்று கட்சி முடிவு செய்தது. முன்பின் தெரியாதவர்களை வரிசையில் நிற்க வைத்துக் கூட்டமாகத் திருமணம் செய்துவைத்தார்கள். கணவனுக்குக் காதல் கடிதம் எழுதியதற்காகவே போபானா என்கிற இளம்பெண் தூல் ஸ்லெங் சிறையில் சித்திரவதை செய்யப்பட்டு 1977இல் கொல்லப்பட்டாள். 2018 நவம்பரில் அங்கே சர்வதேச ஆதரவுடன் நடந்த நீதிமன்றம், கட்டாயத் திருமணத்தை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று தீர்ப்பளித்தது.

இரண்டையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. நான்கு ஆண்டுக்குள் பதினைந்து லட்சத்துக்கும் மேல் மனிதர்கள் மாண்ட இடம் அது, ஒப்பிடும்போது கவனம் வேண்டும். ஆனால் 1916இல் அம்பேத்கர், சாதியின் சாரம் அகமணமுறைதான் என்று எழுதியதை வகுப்பில் பரீட்சைக்காகப் படித்த எனக்கு, அந்தத் தீர்ப்பைப் படித்தபோதுதான் அது முழுதாக உறைத்தது. யார் யாரோடு சேரலாம் என்பதை மேலே இருந்து ஒரு கட்சி நாலு வருடம் முடிவு செய்தால் அதற்கு நீதிமன்றம் வைக்கிறார்கள். ஊரும் உறவும் சேர்ந்து ஆயிரம் வருடம் முடிவு செய்தால் அதற்குப் பெயர் பண்பாடு. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் பட்டப்பகலில் ஒரு தலித் மென்பொருள் பொறியாளரை வெட்டிக் கொன்றார்கள். நம் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அன்றைக்கு வாட்ஸ்அப்பில் "பெத்தவங்க மனசையும் பார்க்கணும்ல" என்று எழுதிய படித்தவர்கள் என் தொடர்பிலேயே இருக்கிறார்கள்.

போபானாவின் பெயரில் நாம் பென்னில் ஒரு காட்சி ஆவண மையம் இருக்கிறது. இயக்குநர் ரித்தி பான் முன்னின்று 2006இல் தொடங்கியது. அழிந்துபோன படங்கள், வானொலி ஒலிப்பதிவுகள், புகைப்படங்கள் என்று தேடிச் சேர்த்து, யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். காதல் கடிதம் எழுதியதற்காகச் செத்த ஒரு சாதாரணப் பெண்ணின் பெயர் ஒரு நாட்டின் நினைவகத்துக்கு. 2023 பிப்ரவரி 10 அன்று, ரோசியின் 120ஆவது பிறந்தநாள் என்று கூகுள் முகப்பில் அவர் படத்தைப் போட்டது. அன்று நாகர்கோவிலில் மணிமேடையிலிருந்து வடசேரி வரை நடந்தேன். வேலை விஷயமாகத்தான். ஒரு போஸ்டர்கூடக் கண்ணில் படவில்லை.

சரி, என்ன செய்யலாம்? நம் தோழர்கள் சிலருக்கு உடனே வருகிற யோசனை, ரோசியின் குடும்பத்தைத் தேடிப் போய்ப் பேட்டி எடுப்பது. எனக்கும் ஒரு காலத்தில் அந்த ஆசை இருந்தது. இப்போது எதிர்க்கிறேன். தன் சாதியை மறைத்து ஒரு பெண் அரை நூற்றாண்டு வாழ்ந்தார் என்றால் அது பொய் இல்லை, அவர் கட்டிய வீடு. முன்னால் எரித்த வீட்டுக்குப் பதிலாகக் கட்டியது. கேமராவோடு போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டி "உங்கள் அம்மா யார் தெரியுமா?" என்று கேட்க நமக்கு உரிமை கிடையாது. பேச விரும்புகிறவர்கள் பேசட்டும், விரும்பாதவர்களை விட்டுவிட வேண்டும். "மறைத்தது துரோகம், பெருமையோடு சொல்லியிருக்க வேண்டும்" என்று வாதிடுகிற தம்பிமார்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நாகர்கோவிலில் வாடகை வீடு தேடிப் பார்த்திருக்கிறாயா? "எந்த ஊரு? யாரு பிள்ளை? எந்தச் சபை?" என்ற மூன்று கேள்வியில் சாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் மையத்துக்கு வருகிற ஒரு மாணவி, கல்லூரியில் தன் காலனிப் பெயரைச் சொன்னதே இல்லை. பக்கத்து ஜங்ஷன் பெயரைத்தான் சொல்கிறாள். மூன்று வருடமாக அவள் தோழிகள் யாரும் அவள் வீட்டுக்கு வந்ததில்லை. அவளைத் துரோகி என்று சொல்ல என் நாக்கு எழாது. அவளுக்கு நாம் தர வேண்டியது அந்தப் பெயரைச் சொன்னாலும் ஒன்றும் ஆகாத ஒரு கல்லூரியை. அது நம்மிடம் இன்னும் இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. ரோசியின் பிள்ளைகளைத் தேடிப் பத்திரிகைகள் போயிருக்கின்றன. கேபிட்டல் தியேட்டரில் கல் எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளைத் தேடி ஒருவரும் போனதாக நான் படித்ததில்லை. குடிசைக்குத் தீ வைத்தவர்கள் யார், அவர்கள் பெயர் என்ன, அன்றைக்கு போலீஸ் என்ன செய்தது, வழக்கு இருந்ததா? பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைத் தோண்டுகிற ஆர்வத்தில் கால்பங்கு இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் போதும். கம்போடியாவில், தாமதமாகவாவது, அரைகுறையாகவாவது, தூல் ஸ்லெங் சிறையை நடத்தியவனைக் கூண்டில் ஏற்றி 2010இல் தண்டித்தார்கள். ஆய்வுப் பட்டத்துக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கிற தோழர்களே, திருவிதாங்கூர் அரசின் பழைய ஆவணங்களும் அந்தக் காலப் பத்திரிகைகளும் திருவனந்தபுரத்தில்தான் இருக்கின்றன. நாகர்கோவிலில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரம். மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் நம் மாவட்டத்தில்தான் அதிகம். இந்த வேலையை நம்மைவிட வசதியாக யார் செய்ய முடியும்?

அன்றைக்கு இரவு எட்டு மணி ஆகியும் பிள்ளைகள் கலையவில்லை. அந்தக் கம்போடிய மகள் மாதிரி நாமும் ஒரு காட்சி எடுத்துவிடலாம் என்றான் ஒருவன், போனிலேயே. எந்தக் காட்சி என்று பேச்சு வந்தது. கல்லெறிகிற காட்சி வேண்டாம், அது எல்லாரும் எடுக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பூவை எடுத்து முத்தமிடுகிற காட்சிதான், கல் விழாமல், முழுசாக.

யார் நடிப்பது என்பதில் சண்டை. ஜங்ஷன் பெயரைச் சொல்கிறவள் என்று எழுதினேனே, அவள்தான் கையைத் தூக்கினாள்.

"நான் ரோசியா நடிக்கேன்க்கா. சரோஜினியா மாட்டேன்."

"ரோசியா நடிச்சா சரோஜினியாவும் நடிச்சுத்தானட்டீ ஆகணும்," என்றாள் பக்கத்திலிருந்தவள். "ரோசிதானே சரோஜினி."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, படத்தை யூடியூபில் போடுவோமா, போட்டால் தன் பெயர் வருமா என்று என்னிடம் கேட்டாள். உன் இஷ்டம் மக்கா என்றேன். பிப்ரவரி 10க்குள் எடுத்துவிடுவதாகத் திட்டம். பெயர் போடுவது பற்றி அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.